கினித் துணி: புதுச்சேரியின் அவுரி நீலக் கைத்தறித் துணி

கினித் துணி என்பது சோழமண்டலக் கடற்கரையில் கைத்தறியில் நெய்யப்பட்டு, அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலத்தில் தோய்க்கப்பட்ட கருநீலப் பருத்தித் துணி ஆகும். 17ஆம் நூற்றாண்டு தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை புதுச்சேரி, பரங்கிப்பேட்டை முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய இத்துணி, ஐரோப்பா வழியாக மேற்கு ஆப்பிரிக்காவைச் சென்றடைந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையை ஐரோப்பியர் 'கினி' என்று அழைத்தனர். அங்கு விற்பதற்கென்று வாங்கப்பட்ட துணிக்கும் அப்பெயரே நிலைத்தது.

செனகல் ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் இத்துணியை உடுத்தினர். அதைக் கொடுத்துப் பொருள் வாங்கினர், அதைக் கொண்டே விலை பேசினர். அதாவது, தமிழகத்தில் நெய்து சாயமேற்றிய துணி அங்கே பணமாகப் புழங்கியது. ஆனால் அதை நூற்றவர், நெய்தவர், சாயமிட்டவர் ஆகியோரின் கையில் அந்த மதிப்பில் ஒரு சிறு பங்கே வந்து சேர்ந்தது. இக்கட்டுரை அத்துணி உருவான முறையையும், அது சென்ற வழியையும், அது மறைந்த காரணங்களையும் கூறுகிறது.

பெயர்கள்

நீலச் சாயம் தரும் செடிக்குத் தமிழில் அவுரி, நீலி என்னும் பெயர்கள் உண்டு. இதன் தாவரவியல் பெயர் இண்டிகோஃபெரா டிங்டோரியா. அவரை, துவரை ஆகியவற்றைப் போல இதுவும் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி.

கிரேக்கர் இச்சாயத்தை 'இந்தியாவிலிருந்து வந்தது' என்ற பொருளில் 'இண்டிகான்' என்றனர். இன்றைய 'இண்டிகோ' என்ற சொல் அதிலிருந்து வந்தது. நீலம் என்ற இந்தியச் சொல் அரபு மொழி வழியாகப் போர்த்துக்கீசியத்துக்குச் சென்று 'அனில்' ஆயிற்று. 1840ஆம் ஆண்டையொட்டி ஃபிரிட்ஷே என்ற வேதியியலார் நீலச் சாயத்தைக் காரத்துடன் சூடாக்கி ஒரு புதிய பொருளைப் பெற்றார். 'அனில்' என்பதைக் கொண்டு அதற்கு 'அனிலின்' என்று பெயரிட்டார். அந்த அனிலினே பின்னாளில் செயற்கை நீலத்துக்கு மூலப்பொருளாகி, அவுரியின் சந்தையைப் பறித்தது. அவ்வரலாறு பின்னர் கூறப்படும்.

தொன்மை

இந்தியாவின் நீலச் சாயம் கடல் கடந்து சென்றதற்குப் பழமையான சான்றுகள் உள்ளன. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரையக் கடல் பெரிபுளூஸ்' என்னும் கிரேக்க நூல், சிந்து ஆற்று முகத்துவாரத் துறைமுகத்திலிருந்து ஏற்றுமதியான பொருள்களில் இந்தியக் கருநீலத்தைக் குறிப்பிடுகிறது. உரோமை எழுத்தாளர் பிளினியும் இச்சாயத்தைப் பற்றி எழுதியுள்ளார். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில் நடந்த அகழாய்வுகளில், மெழுகு முதலிய தடைப்பொருள் பூசி நீலத்தில் தோய்த்த இந்தியப் பருத்தித் துணித் துண்டுகள் கிடைத்துள்ளன.

புதுச்சேரிக்கு அருகில் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கு வெளிப்பட்ட செங்கல் தொட்டிகளை, துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட தொட்டிகள் என்று அவர் கருதினார். பிற்கால அறிஞர்களில் சிலர் இதில் மாறுபடுகின்றனர். ஆயினும் உறையூரிலும் சாயத் தொட்டி எனக் கருதப்படும் கட்டுமானம் கிடைத்திருப்பது, தமிழகத்தில் சாயத்தொழிலின் பழமையை எண்ணிப் பார்க்க வைக்கிறது.

பருத்தியும் நெசவும்

இன்று 'இயற்கை வேளாண் பருத்தி' என்று தனியாகப் பெயரிட்டு அழைக்கிறோம். கினித் துணி நெய்யப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் அப்படியொரு பெயருக்குத் தேவையே இருக்கவில்லை. செயற்கை உரமும் பூச்சிக்கொல்லியும் இல்லாத அக்காலத்தில் எல்லாப் பருத்தியும் அவ்வாறு விளைந்ததுதான். கரிசல் நிலத்தில் மழையை நம்பி விளைந்த நாட்டுப் பருத்தி இனங்களின் பஞ்சு குட்டையான இழையைக் கொண்டது. தென் மாவட்டங்களின் கருங்கண்ணிப் பருத்தி அவ்வகையைச் சேர்ந்தது. கையால் நூற்பதற்கு அந்த இழை போதும். நீண்ட இழை கேட்டது ஆலை இயந்திரமே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்துக்கு வந்த கம்போடியா முதலிய அயல் இனங்கள் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

பஞ்சைக் கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, இராட்டையில் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு தறி ஓய்வின்றி ஓட வேண்டுமானால் அதற்கு நூல் கொடுக்கப் பலர் நூற்க வேண்டும். ஆகவே ஒரு நெசவாளர் குடும்பத்தின் பின்னால் உழவர் வீட்டுப் பெண்கள், கைம்பெண்கள், முதியவர்கள் எனப் பலரின் உழைப்பு இருந்தது. வணிகக் கணக்குகளில் இவர்களின் பெயர் இடம்பெறவில்லை.

தெருவில் பாவு நீட்டி, கஞ்சி தோய்த்து, குச்சிகளால் இழை பிரித்து, பிறகு வீட்டிலுள்ள குழித்தறியில் ஏற்றி நெய்தனர். செங்குந்தர், தேவாங்கர், சேடர் முதலிய சமூகத்தினர் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர். நீலத்தில் தோய்ப்பதற்கான துணி பெரும்பாலும் கோடித் துணியாக, நிறமின்றி நெய்யப்பட்டது. அது பிறகு சாயக்காரர்களிடம் சென்றது.

அவுரியிலிருந்து நீலம்

அவுரிச் செடியைப் பார்த்தால் அதில் நீலம் இருப்பது தெரியாது. இலை பச்சை, பூ இளஞ்சிவப்பு. இலையில் 'இண்டிகன்' என்ற நிறமற்ற பொருளே உள்ளது. அதை நீலமாக மாற்றுவதில்தான் தொழில்நுட்பம் அடங்கியிருக்கிறது.

செடி பூக்கும் பருவத்தில் அறுத்த தழையைத் தொட்டியில் அடுக்கி, மேலே மரச்சட்டம் வைத்து அழுத்தி, நீர் நிரப்புவர். சுமார் அரை நாள் ஊறும்போது தழை நொதித்து, நீர் பச்சை கலந்த மஞ்சளாகிறது. அந்நீரைத் தாழ்வான மற்றொரு தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் துடுப்பாலோ காலாலோ இடைவிடாமல் அடித்துக் கலக்குவர். காற்றில் உள்ள ஆக்சிஜன் கலக்கக் கலக்க நுரை நீலமாக மாறும். பின்பு நீர் தெளிந்து அடியில் நீலம் படியும். படிவைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்திக் கட்டிகளாக வெட்டி நிழலில் உலர்த்துவர். நூறு கிலோ பச்சைத் தழையிலிருந்து ஒரு கிலோ நீலம் கிடைப்பதுகூட அரிது. சாறு இறங்கிய தழை வயலுக்கு நல்ல எருவாகும்.

வட இந்தியாவில் பச்சைத் தழையையே ஊறவைத்தனர். சென்னை மாகாணத்தில் இலையை வெயிலில் உலர்த்தி, உதிர்த்துச் சேமித்து, வேண்டியபோது ஊறவைக்கும் உலர்தழை முறையும் பரவலாக இருந்தது. இதனால் அறுவடைக் காலத்தில் மட்டுமே வேலை நடக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், சிறு உழவரும் இத்தொழிலில் ஈடுபட முடிந்தது. தென்னார்க்காடு, நெல்லூர், கடப்பை ஆகியவை அவுரி மிகுதியாக விளைந்த மாவட்டங்கள். கடப்பையின் நீலம் உலகச் சந்தையில் 'குர்பா' என்ற பெயரில் விற்றது.

நீலத் தாழி

நீலக் கட்டி நீரில் கரையாது. பொடித்து நீரில் போட்டுத் துணியைத் தோய்த்தால் தூசியைப் போல ஒட்டி, அலசினால் போய்விடும். அதைக் கரையச் செய்ய, காரத்தன்மையுள்ள நீரில் ஆக்சிஜனை நீக்கி நொதிக்க வைக்க வேண்டும். தென்னிந்தியச் சாயக்காரர்கள் இதற்கு உவர்மண் தெளிநீர், சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை ஆகியவற்றைப் பயன்படுத்தினர். உவர்மண்ணும் சுண்ணாம்பும் காரத்தைத் தந்தன. தகரை விதை நொதித்தலைத் தொடங்கி வைத்தது. மண்ணில் புதைத்த பெரிய தாழிகளில் இக்கரைசல் சில நாள்கள் நொதித்தது. மேற்பரப்பில் செம்பு நிறப் படலம் படர்ந்து, உள்ளே நீர் மஞ்சள்பச்சையாக மாறினால் தாழி தயார். மணம், நிறம், விரலில் வழுவழுப்பு ஆகியவற்றைக் கொண்டே சாயக்காரர் அதன் நிலையை அறிந்தார்.

தாழியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள்பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்முன்னே பச்சையாகி, பிறகு நீலமாகும். ஒருமுறை தோய்த்தால் வெளிர்நீலம் கிடைக்கும். கருநீலம் வேண்டுமானால் தோய்ப்பதும் ஆற்றுவதும் பலமுறை நடக்க வேண்டும். மஞ்சிட்டி, சாயவேர் முதலிய செந்நிறச் சாயங்களுக்குப் படிகாரம் போன்ற பிடிப்புப் பொருள் தேவை. நீலத்துக்கு அது வேண்டியதில்லை. சாயம் இழையின் உள்ளே நுழைந்து அங்கேயே கரையாத நிலைக்குத் திரும்புவதால் நிலைத்து நிற்கிறது.

கினித் துணியைச் சாயமேற்றியதோடு விடவில்லை. கஞ்சி இட்டு, மரக் கொட்டாப்புளியால் அடித்து மினுமினுப்பு ஏற்றினர். இந்த மினுக்கும், நொதித்த சாயத்தின் தனி மணமும் பிற்காலத்தில் அத்துணியை அடையாளம் காணும் குறிகளாயின.

கும்பினிகளின் வருகை

ஐரோப்பியர் சோழமண்டலக் கரைக்கு வந்ததற்குத் துணியே முதன்மைக் காரணம். தென்கிழக்கு ஆசியாவில் மிளகும் சாதிக்காயும் வாங்க வெள்ளியைவிட இக்கரையின் துணி பயன்பட்டது. ஒல்லாந்தர் பழவேற்காட்டிலும், டேனியர் 1620 முதல் தரங்கம்பாடியிலும், ஆங்கிலேயர் 1639 முதல் சென்னையிலும், பிரெஞ்சுக்காரர் 1674 முதல் புதுச்சேரியிலும் நிலைகொண்டனர். பரங்கிப்பேட்டை நீலத் துணிக்குப் பெயர் பெற்ற ஊர்களில் ஒன்று. புகழ்பெற்ற நாட்குறிப்பை எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையும் தம் இளமைக் காலத்தில் அவ்வூரில் பிரெஞ்சுக் கும்பினியின் வணிகத்தைக் கவனித்தவர்.

கும்பினிகள் நெசவாளரிடம் நேரடியாக வாங்கவில்லை. துபாஷிகளும் வணிகர்களும் இடையில் இருந்தனர். நெசவாளருக்கு முன்பணம் கொடுக்கப்பட்டது. துணி வந்தபின் நீளம், அகலம், நெருக்கம் ஆகியவற்றைச் சோதித்துத் தரம் பிரித்தனர். தரம் குறைந்ததாகக் கருதிய துணியைத் திருப்பி அனுப்பினர் அல்லது விலையைக் குறைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, வாங்குவோர் பலர் போட்டியிட்டதால் நெசவாளருக்குப் பேரம் பேசும் வலிமை இருந்தது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகரிடம் செல்லவும், தொல்லை மிகுந்தால் ஊரையே விட்டுப் பெயரவும் முடிந்தது. ஆங்கிலக் கும்பினி ஆட்சியைக் கைப்பற்றியபின் அந்த வலிமை குன்றியது. வாங்குபவரே வரி வாங்கும் அரசாகவும் ஆனபோது, நெசவாளர் போவதற்கு வேறிடம் இல்லாமற் போயிற்று.

இக்காலத்தில் சாயக்காரரின் அறிவும் எழுத்தில் ஏறி வெளியே சென்றது. 1734ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரியில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அலுவலர், வண்ணத் துணி உருவாகும் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி இணைத்து அனுப்பினார். 1742இல் இயேசு சபைத் துறவி கூர்து, தம்மிடம் மதம் மாறிய கைவினைஞர்களிடம் கேட்டறிந்த சாயமுறைகளை விரிவான கடிதமாக எழுதினார். பூ வரைபவர் ஒருவர், நீலம் தோய்ப்பவர் வேறொருவர் என்பதையும், நீலம் ஏறக் கூடாத இடங்களில் மெழுகு பூசித் துணியை நீலச் சாயக்காரரிடம் கொடுத்ததையும் இக்குறிப்புகளால் அறிகிறோம். கற்பித்த கைவினைஞர்களுக்கு இதனால் பெயரும் கிடைக்கவில்லை, பொருளும் கிடைக்கவில்லை.

அடிமை வணிகமும் நீலத் துணியும்

இவ்வரலாற்றில் மறைக்கக் கூடாத பகுதி ஒன்று உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை அடிமைகளாக வாங்கக் கொடுத்த பொருள்களில் இந்தியத் துணிகள் முக்கியமானவை. துப்பாக்கி, சாராயம், இரும்பு ஆகியவற்றோடு சோழமண்டலத்தின் நீலத் துணியும் வெள்ளைத் துணியும் கொடுக்கப்பட்டன.

பிரான்சு 1686 முதல் 1759 வரை அச்சிட்ட, வரைந்த இந்தியத் துணிகளை உள்நாட்டில் விற்பதற்குத் தடை விதித்திருந்தது. இங்கிலாந்தும் 1700, 1721ஆம் ஆண்டுச் சட்டங்களால் இத்தகைய கட்டுப்பாடுகளை விதித்தது. ஆனால் மறுஏற்றுமதிக்காகக் கொண்டுவரப்படும் துணிக்குத் தடை இல்லை. ஆகவே இலண்டன், நாந்து முதலிய துறைமுகங்களுக்கு வந்த இந்தியத் துணி அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. தறியில் இருந்த நெசவாளருக்குத் தம் துணி எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனினும் நம் துணியின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

செனகலில் பணமான துணி

நெப்போலியன் போர்கள் முடிந்தபின் பிரான்சு 1816இல் புதுச்சேரியையும் 1817இல் செனகலையும் திரும்பப் பெற்றது. அடிமை வணிகம் சட்டப்படி தடைசெய்யப்பட்டதால், செனகலில் வேறு வணிகம் தேவைப்பட்டது. அங்குக் கிடைத்த முக்கியப் பொருள் வேலம் பிசின். பாலைவனத்தின் ஓரத்தில் வளரும் ஒருவகை வேல மரத்திலிருந்து வடியும் இப்பிசினை, திரார்சா, பிராக்னா முதலிய மூர் மக்கள் செனகல் ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டுவந்தனர்.

அதற்கு ஈடாக அவர்கள் கேட்டது நீலக் கினித் துணி. பாலை மக்கள் அதை அங்கியாகவும் தலைப்பாகையாகவும் அணிந்தனர். நீலம் உடலில் ஒட்டுவதை அவர்கள் குறையாகக் கருதவில்லை. சுமார் 16 மீட்டர் நீளமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கினித் துண்டு, விலை கணக்கிடும் அலகாகவே ஆயிற்று. பிசின், தானியம், கால்நடை, ஆட்சியாளருக்குக் கொடுக்கும் காணிக்கை ஆகியவை எத்தனை துண்டு என்று பேசப்பட்டன. கெட்டுப்போகாமல் சேமிக்கலாம், வெட்டிப் பிரிக்கலாம், வேண்டும்போது உடுத்தலாம் என்பதால் துணி நல்ல பணமாக விளங்கியது.

பணமென்றால் போலியும் வரும். பிரான்சின் உரூவான் நகரத்திலும், பெல்ஜியத்திலும், இங்கிலாந்திலும் கினித் துணியைப் போன்ற ஆலைத் துணியைச் செய்து அனுப்பினர். செனகல் ஆற்றங்கரை மக்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. நிறத்தின் ஆழம், மினுக்கு, மணம் ஆகியவற்றால் புதுச்சேரித் துணியை இனம் கண்டனர். அதனால் 1843இல் பிரெஞ்சு அரசு, செனகலுக்குச் செல்லும் கினித் துணியின் அளவையும் எடையையும் வரையறுத்து ஆணை பிறப்பித்தது. நாணயத்தின் எடையை அரசு காப்பதைப் போலத் துணியின் தரத்தையும் காக்க வேண்டியிருந்தது.

பிசின் சென்ற வழி

அந்தப் பிசின் ஐரோப்பாவில் எதற்குப் பயன்பட்டது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். துணியில் அச்சிடும் சாயம் பரவாமல் கோட்டுக்குள் நிற்க, அதைக் கெட்டிப்படுத்த வேண்டும். அதற்கு வேலம் பிசின் சிறந்தது. இங்கிலாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் அச்சுத் துணித் தொழிற்சாலைகள் அதைப் பெருமளவில் வாங்கின.

ஆக, தமிழகத்தின் கைத்தறித் துணி செனகலுக்குப் போனது. செனகலின் பிசின் ஐரோப்பாவுக்குப் போனது. அப்பிசினைக் கொண்டு அச்சிட்ட ஐரோப்பிய ஆலைத் துணி உலகச் சந்தையில் இந்தியத் துணியின் இடத்தைப் பிடித்தது. தன் போட்டியாளருக்கு வேண்டிய மூலப்பொருளை வாங்கித் தரும் பணமாகக் கைத்தறித் துணியே பயன்பட்டது.

புதுச்சேரியில் ஆலைகள்

கினித் துணிக்கான தேவை பெருகியபோது, புதுச்சேரியிலேயே இயந்திர நூற்பு தொடங்கியது. 1820களின் இறுதியில் அங்கு நிறுவப்பட்ட ஆலை, இந்தியாவின் மிகப் பழைய இயந்திர நூற்பாலைகளில் ஒன்று. அது பின்னர் சவானா ஆலை எனப்பட்டது. முதலில் இயந்திரம் பறித்தது இராட்டையின் வேலையை. ஆலை நூலைக் கைத்தறியில் நெய்து அவுரி நீலத்தில் தோய்க்கும் கலப்பு முறை நெடுங்காலம் நீடித்தது. அண்டையில் இருந்த ஆங்கிலேயர் பகுதிகளிலிருந்தும் வெள்ளைத் துணி வந்து புதுச்சேரியில் சாயமேறியது. பிறகு விசைத்தறி வந்து நெசவையும் எடுத்துக்கொண்டது. கடைசிவரை கைத்தொழிலாக நின்றது நீலம் தோய்ப்பதுதான்.

கினித் துணியால் வளர்ந்த இந்நகரத்தின் ஆலைத் தொழிலே பின்னாளில் தொழிலாளர் இயக்கத்துக்கும் களமாயிற்று. 1936 சூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தனர். அப்போராட்டத்தின் பயனாக எட்டு மணிநேர வேலை உரிமை கிடைத்தது.

வங்காளமும் சென்னை மாகாணமும்

நீலம் என்றதும் பாடநூல்களில் நினைவுக்கு வருபவை வங்காளத்தின் 1859-60 நீலக் கலகமும், பீகாரின் சம்பாரணில் 1917இல் காந்தியடிகள் நடத்திய போராட்டமும் ஆகும். அங்கு ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் முன்பணத்தாலும் அச்சுறுத்தலாலும் உழவரை அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தினர். சம்பாரணில் நிலத்தின் இருபதில் மூன்று பங்கில் அவுரி பயிரிட வேண்டும் என்ற 'தின்கதியா' முறை இருந்தது. தீனபந்து மித்ரா 1860இல் எழுதிய 'நீல் தர்ப்பண்' நாடகம் வங்காள உழவரின் துன்பத்தை வெளிக்கொணர்ந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

சென்னை மாகாணத்தில் அவுரியைப் பெரும்பாலும் உழவரே தம் விருப்பப்படி பயிரிட்டனர். விலை நன்றாக இருந்தால் விதைத்தனர், இல்லையேல் கம்பு, வரகு என்று மாறிக்கொண்டனர். ஆகவே இங்கு அத்தகைய கலகம் எழவில்லை. ஒரே செடி ஓரிடத்தில் கொடுமையின் கருவியாகவும் மற்றோரிடத்தில் சாதாரணப் பணப்பயிராகவும் இருந்தது. வேறுபாடு செடியில் இல்லை, விதைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதில் இருந்தது.

செயற்கை நீலம்

ஜெர்மானிய வேதியியலார் அடால்ஃப் ஃபான் பேயர் 1880இல் நீலச் சாயத்தை ஆய்வகத்தில் உருவாக்கினார். 1883இல் அதன் வேதி அமைப்பையும் விளக்கினார். 1905இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அவரது முறை தொழிற்சாலைக்கு ஏற்ற செலவில் அமையவில்லை. கார்ல் ஹாய்மன் 1890இல் கண்ட வழிகளே அதற்குப் பயன்பட்டன. நாப்தலீனிலிருந்து வேண்டிய பொருளைப் பெறும் முயற்சியில் ஒரு வெப்பமானி உடைந்து பாதரசம் கலந்தபோது, வினை விரைவாக நடந்தது. அதைக் கொண்டு பாஸ்ஃப் நிறுவனம் 1897இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1901இல் அனிலினிலிருந்து மலிவாகத் தயாரிக்கும் முறையும் வந்தது.

1897இல் உலகில் செடிகளிலிருந்து கிடைத்த நீலம் சுமார் 19,000 டன். 1914இல் அது சுமார் 1,000 டன்னாகக் குறைந்தது. முதல் உலகப் போரின்போது ஜெர்மானியச் சாயம் வராததால் அவுரிக்குச் சிறிது காலம் மீண்டும் விலை கிடைத்தது. போர் முடிந்ததும் அதுவும் போயிற்று. மறுபக்கம், பிசினுக்குப் பதிலாக மாவுப்பொருளிலிருந்து செய்யும் டெக்ஸ்டிரின் வந்ததாலும், செனகல் பகுதியில் பிரெஞ்சு நாணயம் பரவியதாலும் கினித் துணியின் பணமதிப்பு முன்பே சரிந்திருந்தது.

இன்றைய நிலை

அவுரி தமிழகத்தில் முற்றிலும் அழிந்துவிடவில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிராகிறது. உலர்ந்த இலை தலைமுடிச் சாயத்துக்கும் மூலிகை மருந்துக்கும், நீலக் கட்டி துணிச் சாயத்துக்கும் ஏற்றுமதியாகின்றன. புதுச்சேரியை அடுத்த ஆரோவில் பகுதியில் நொதிப்புத் தாழி முறை மீண்டும் கையாளப்படுகிறது. கருங்கண்ணிப் பருத்தியை உரமின்றி விளைவித்து, கையால் நூற்று நெய்யும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. வேரில் உள்ள நுண்ணுயிர்களால் காற்றின் நைட்ரசனை மண்ணில் சேர்க்கும் அவுரி, பயிர்ச் சுழற்சிக்கும் ஏற்றது.

வாங்குவோர் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இயற்கை நீலமும் செயற்கை நீலமும் அடிப்படையில் ஒரே மூலக்கூறு. இயற்கைக் கட்டியில் இண்டிருபின் போன்ற உடன்பொருள்கள் சிறிதளவு இருக்கும், நீலத்தின் செறிவும் கட்டிக்குக் கட்டி மாறும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். தேய்த்தால் நீலம் ஒட்டுவதை வைத்தும் முடிவு செய்ய முடியாது, இரண்டுமே ஒட்டக்கூடும். வேறுபாடு செய்முறையில் இருக்கிறது. செயற்கை நீலம் பெட்ரோலிய வேதிப்பொருள்களிலிருந்து வருகிறது, ஆலைகளில் அதைக் கரைக்கச் சோடியம் டைதயோனைட்டு போன்ற இரசாயனங்கள் பயன்படுகின்றன. நொதிப்புத் தாழிக்கு அவை தேவையில்லை. ஆகவே துணி எங்கே விளைந்தது, யார் நெய்தார், எந்தத் தாழியில் தோய்ந்தது என்ற விவரம் தெரிந்தால்தான் 'இயற்கைச் சாயம்' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு.

மதிப்பீடு

கினித் துணியின் வரலாறு இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது, தமிழக நெசவாளரும் சாயக்காரரும் எட்டிய தரம். பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்த மக்கள், முகர்ந்தும் தொட்டும் அதை அடையாளம் கண்டு, போலியைத் தள்ளிவிட்டு, பணமாக ஏற்றனர். இரண்டாவது, அந்தத் தரத்தின் பயன் செய்தவரைச் சென்றடையவில்லை என்பது. விலையை முடிவு செய்தவர் போர்தோ நகர வணிகர், அளவை முடிவு செய்தது பாரிசு, செய்முறையை எழுதி வைத்தவர்கள் வெளிநாட்டார்.

இன்று அவுரி நீலக் கைத்தறித் துணி வெளிநாடுகளில் மீண்டும் உயர்ந்த விலைக்கு விற்கிறது. அதன் விலைச்சீட்டில் செடியின் பெயரும் முறையின் பெயரும் அச்சிடப்படுகின்றன. நூற்றவர், நெய்தவர், தாழியில் கையை நனைத்தவர் ஆகியோரின் பெயரும், அவர்கள் பெற்ற கூலியும் அதில் இடம்பெறும்போது, கினித் துணியின் காலத்தில் நேராத ஒன்று நேரும்.